தலையணை வேண்டாம்

சீனி வருத்தத்தால் முழங்காலுக்குக் கீழே கால் துண்டிக்கப்பட்டு வாப்பா வீடு வந்ததும், நாம் செய்யும் முதல் உபகாரம் மிஞ்சிய காலின் கீழ் தலையணை வைப்பதுதான். அன்புதான், ஆனால் கெடுதல். மடங்கியே கிடக்கும் முழங்கால் பிறகு நிமிராது; நிமிராத காலுக்குச் செயற்கைக் கால் பொருத்துவது கடினம்.

இயன்மருத்துவர் சொல்லித்தந்தபடி அவரைக் குப்புறப் படுக்க வையுங்கள், காலை நீட்டப் பழக்குங்கள். "பாவம், கிடக்கட்டும்" என்று பயிற்சியைத் தள்ளிப்போடுவதை நான் இரக்கம் என்று சொல்ல மாட்டேன். இல்லாத பாதம் வலிக்கிறது என்றால் சிரிக்காதீர்கள். அந்த வலி மெய்யானது. மற்றப் பாதத்தில் புண் உண்டா என்று தினமும் பாருங்கள், அடுத்த ஆபத்து அங்கேதான்.

ஜெய்ப்பூர் கால் அணிந்தவர்கள் தரையில் சப்பாணி கட்டி உட்காருகிறார்கள், வெறுங்காலுடன் வயலிலும் நடக்கிறார்கள். வாப்பாவும் குசினி வரை நடந்துவந்து தேநீர் கேட்கட்டுமே.