மதுவும் மருந்தும் மாதர்மீதான தீர்ப்பும்

தீராத வைரசுத் தொற்றோடு வாழும் பெண்ணொருத்தி மது அருந்துகிறாள் எனின், மருத்துவம் அவளைப்பற்றிப் பேசத் தொடங்குமுன்னரே ஒழுக்கம் தீர்ப்பளித்துவிடுகின்றது. ஆண் குடித்தால் அது பலவீனம். பெண் குடித்தால் அது குற்றம். இத்தீர்ப்பு திண்ணைப் பேச்சோடு நின்றிருப்பின் அதனைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. அது வைத்தியசாலையில் மருந்து வழங்கும் சாளரம்வரை சென்று, மாத்திரை பெறத் தகுதியானவள் யார், தகுதியற்றவள் யார் என்பதை நிர்ணயிக்கும் சக்தியாகவும் மாறியுள்ளமையாலேயே விவாதத்துக்குரியதாகின்றது.

இதனை ஆராய்வதற்குத் தென்னாபிரிக்காவை விடப் பொருத்தமான நாடு பிறிதில்லை. உலகில் எச்.ஐ.வி. தொற்றுடையோர் மிகக் கூடுதலாக வாழும் நாடு அது. எழுபத்தைந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட அவர்களுள் வளர்ந்தோரை நோக்கின், ஏறத்தாழ மூவரில் இருவர் பெண்கள். அந்நாட்டுப் பெண்களிற் பெரும்பான்மையோர் மதுவைத் தொடுவதேயில்லை. ஆயின், அருந்துவோரிடையே வார இறுதியில், ஒரே அமர்வில், அளவுமீறி அருந்தும் வழக்கம் ஆழமாக வேரூன்றியுள்ளது. இது பண்பாட்டுக் குறைபாடு என்று கூறி அமைவோர் வரலாற்றை மறைக்கின்றனர்.

1652இல் நன்னம்பிக்கை முனையில் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி காலூன்றிய சில ஆண்டுகளிலேயே அங்கு திராட்சை மது வடிக்கப்படலாயிற்று. அடிமைகளுக்கும், 1838இன் பின்னர் விடுதலைபெற்ற கூலிகளுக்கும் ஊதியத்தின் ஒரு பகுதியாக மதுவே அளக்கப்பட்டது. நாளொன்றுக்குப் பலமுறை தகரக் குவளையில் ஊற்றப்பட்ட இக்கூலிக்கு ‘டொப்’ முறை என்று பெயர். விற்பனைக்கு உதவாத மட்டமான மதுவைக் கழித்துக்கட்டவும், தொழிலாளியைப் பண்ணையோடு பிணைத்துவைக்கவும் இதனிலும் மலிவான உபாயம் முதலாளிக்கு வாய்த்திராது. தோட்டத் துண்டுமுறையின் வரலாற்றை அறிந்தோர்க்கு இது விளங்காத செய்தியன்று. 1960களின் தொடக்கத்தில் சட்டம் இதனைத் தடைசெய்தது. பண்ணைகள் பலவற்றில் 1990கள்வரை அது தொடர்ந்தது.

முனையில் திராட்சை மது எனின், நேற்றாலில் பியர். 1908ஆம் ஆண்டுச் சட்டத்தைத் துணைக்கொண்டு டர்பன் நகரசபை, இறுங்குத் தானியத்தில் வடிக்கும் மரபுவழி பியரின் விற்பனையைத் தன் தனியுரிமையாக்கிக்கொண்டது. அதனால் வந்த வருமானம் ஆபிரிக்க மக்களை அடக்கியாளும் நிருவாகத்துக்கே செலவிடப்பட்டது. அதுவரை வீட்டில் பியர் வடித்துப் பிள்ளைகளுக்குச் சோறிட்ட பெண்கள் குற்றவாளிகளாயினர்; அவர்தம் பானைகளைப் பொலிசார் உடைத்தனர். 1959இல் கேற்றோ மனோர்ப் பெண்கள் நகரசபையின் பியர்ச்சாலைகளைத் தாக்கியமை குடிக்கு எதிரான அறப்போர் மட்டுமன்று. தம் கையிலிருந்த பிழைப்பைப் பறித்து அதனையே தம் கணவன்மாருக்கு விற்ற அரசுக்கு எதிரான கிளர்ச்சியுமாகும். இன்று எச்.ஐ.வி. மிகக் கொடுமையாகப் பரவியுள்ளது அதே குவாசூலு-நேற்றால் மாகாணத்திலேயே என்பது மனங்கொள்ளத்தக்கது. பியர்ச்சாலையே நோயைக் கொணர்ந்தது என்பதன்று வாதம்; குடும்பத்தைப் பிரித்த குடிபெயர் உழைப்பு, வறுமை, ஆணாதிக்க வன்முறை என்பனவற்றின் நடுவே மதுவையும் வைத்துச் சென்றவர்கள், பின்னர் அதனை அருந்தும் பெண்ணை நோக்கி விரல் நீட்டுவதே இங்கு கேள்விக்குரியது.

மது தீங்கற்றது என்று எவரும் வாதிட முன்வரார். பெண்ணுடலில் நீரின் விகிதம் குறைவாதலால் ஒரே அளவு மது அவள் குருதியில் கூடுதலாகச் செறிகின்றது. ஆணைவிடக் குறைந்த அளவு மதுவால், குறைந்த காலத்தில் அவள் ஈரல் பழுதுறுகின்றது. ஈரலழற்சி ‘சி’ வைரசு உள்ளவிடத்து மது அந்த ஈரலின் இறுக்கத்தை விரைவுபடுத்தும். காசநோய்க்கான ஐசோனியசிட் மருந்தோடு மிகுகுடி சேர்ந்தால் ஈரலுக்கு உண்மையான ஆபத்துண்டு. இவற்றையெல்லாம் ஒரு பெண்ணுக்கு எடுத்துரைப்பது மருத்துவரின் கடமை. ஆனால், நடைமுறையில் உரைக்கப்படுவது இதுவன்று.

உரைக்கப்படுவது யாது? ‘குடித்தால் மாத்திரை நஞ்சாகும், இரண்டையும் கலக்காதே’ என்பதே. எச்.ஐ.வி.க்கு எதிராக இன்று பரவலாக வழங்கப்படும் டொலுடெக்ராவிர் முதலான மருந்துகளைப் பொறுத்தவரை இது மெய்யன்று. மது அருந்திய நாளிலும் மாத்திரையை விழுங்குவதே விழுங்காதிருப்பதிலும் பன்மடங்கு நன்று. அச்சுறுத்தலின் விளைவோ அறிவுரையாளர் எண்ணியதற்கு நேர்மாறானது. பெண் மதுவை விடுவதில்லை, மாத்திரையை விட்டுவிடுகிறாள். வெள்ளிக்கிழமை மாலை குடிக்கப்போகிறவள் அன்றிரவு மாத்திரையைத் தொடாள். சனி, ஞாயிறும் அவ்வாறே கழியும். மறதியால் அன்று, கீழ்ப்படிவால் அவள் மருந்தைத் தவறவிடுகிறாள். கலப்பது நஞ்சு என்னும் நம்பிக்கையால் வேண்டுமென்றே மருந்து தவிர்க்கப்படுவதைத் தென்னாபிரிக்காவிலும் ஐக்கிய அமெரிக்காவிலும் நடந்த ஆய்வுகள் மீண்டும் மீண்டும் காட்டியுள்ளன. நாள்கள் தவறத் தவற வைரசு மீண்டும் பெருகும். மருந்தை எதிர்க்கும் வலுவைப் பெறவும் கூடும். மதுவின் தீங்கோடு போதனையின் தீங்கும் ஒருங்கு சேர்கின்றது.

இத்தகைய போதனை ஏதோ ஒரு தாதியின் அறியாமையிலிருந்து மட்டும் முளைத்ததன்று. 2004இல் அரச வைத்தியசாலைகளில் சிகிச்சை தொடங்கியபோது வெளியான தேசிய வழிகாட்டி, நோயாளியிடம் கவனிக்கவேண்டிய உளச்சமூக நிலைமைகளுள் மதுத் துர்ப்பழக்கம் இல்லாமையையும் ஒன்றாகக் குறித்தது. விலக்குவதற்கான நிபந்தனைகள் அல்ல இவை என்று அவ்வழிகாட்டியே கூறியிருந்தது. ஆயினும், மருந்து அரிதாகவும் வரிசை நீண்டும் இருந்த காலத்தில், கவனிக்கவேண்டியது காத்திருக்கச் செய்வதற்கான காரணமாக மாறுவது எளிது. 2016இல் தொற்றுறுதியான அனைவருக்கும் உடன் சிகிச்சை என்ற கொள்கை வந்தது. தாளில் வாயில் திறந்தது. சாளரத்தின் முன் நிற்பவள் தன் மூச்சில் மதுவாடை வீசுமோ என்று அஞ்சி அத்திங்கட்கிழமை வராமலே இருந்துவிடும் நிலையைத் தாள் மாற்றிவிடாது.

இம்மனப்பான்மை வறிய நாட்டின் வளக்குறைவால் விளைந்தது என்று சமாதானம் கூறுவோர் உளர். அவர்கள் ஐக்கிய அமெரிக்காவை நோக்குக. ஈரலழற்சி ‘சி’ வைரசை ஒரு சில மாதங்களில் முற்றாக ஒழிக்கும் சொபொஸ்புவிர் மாத்திரை 2013 டிசம்பரில் அங்கு அனுமதி பெற்றது. ஒரு மாத்திரையின் விலை 1,000 டொலர். 12 வாரச் சிகிச்சைக்கு 84,000 டொலர். வறியோருக்கான மெடிக்கெயிட் திட்டத்தை நடத்தும் மாநிலங்கள் பல, செலவைக் கண்டு மிரண்டு, பல மாதங்கள் மதுவைத் தொடாதிருந்தமையை நிறுவினால் மட்டுமே மருந்து என விதித்தன. மது எவருடைய ஈரலை விரைந்து அழிக்கின்றதோ அவருக்கே வைரசை விரைந்து அகற்றவேண்டும் என்பது சாதாரண தருக்கம். ஈரல்நோய் வல்லுநரின் வழிகாட்டிகளும் மது அருந்துவோருக்குச் சிகிச்சையை மறுக்கக் காரணமில்லை என்றே கூறின. 2015 நவம்பரில் மத்திய அரசின் நிறுவனமே இத்தகைய கட்டுப்பாடுகள் குறித்து மாநிலங்களுக்கு எழுத நேர்ந்தது. மாநிலங்கள் பல பின்னர் படிப்படியாகவே அவற்றைக் கைவிட்டன. வரவுசெலவுக் கணக்கை ஒழுக்கக் கணக்காக வேடமிட்டுக் காட்டிய கதை இது. விலையை நிர்ணயித்த கம்பனியின் ஒழுக்கத்துக்கோ இத்தகைய நிபந்தனை எதனையும் அம்மாநிலங்கள் விதிக்கவில்லை.

ஆய்வுலகமும் இப்பழியிலிருந்து முற்றாக விடுபடவியலாது. அமெரிக்காவில் எயிட்ஸ் பற்றிய ஆண்களுக்கான நீண்டகாலத் தொடராய்வு 1984இல் தொடங்கியது. பெண்களுக்கான தொடராய்வு தொடங்க 1993ஆம் ஆண்டுவரை காத்திருக்க வேண்டியதாயிற்று. தென்னாபிரிக்காவின் மேற்குக் கேப் மாகாணத்தில், கருவிலேயே மதுவால் பாதிப்புற்ற பிள்ளைகளின் விகிதம் உலகில் பதிவானவற்றுள் மிக உயர்ந்தவற்றுள் ஒன்று. அதனை ஆராய்ந்தமை மிகத் தேவையான பணியே. ஆயின், அவ்வாய்வுகளைப் பொதுமேடைக்குக் கொணர்வோரின் வாயில் குடிக்கும் பெண் வெறும் கருப்பையாகவே தோன்றுகிறாள். பிள்ளை பெறும் வயதைக் கடந்து, தொற்றோடு முதுமையெய்தும் பெண்ணின் குடியை யார் பேசுகின்றனர்? மருந்தின் பயனால் அத்தகைய பெண்கள் இன்று தொகையில் பெருகிவருகின்றனர்.

எதிர்ப்புறத்தில் நிற்கும் முற்போக்காளர் சிலரின் தவறும் சிறிதன்று. குடி சுரண்டலின் விளைவு. சுரண்டல் ஒழியின் குடியும் ஒழியும். அதுவரை பேச என்ன இருக்கிறது என்பர் அவர். சுரண்டல் ஒழியும் நாள்வரை அப்பெண்ணின் ஈரல் காத்திராது. கட்டமைப்பைப் பேசிக்கொண்டே, அடி வாங்கிய இரவில் குடிக்கும் பெண்ணுக்கு மறுநாள் காலை எதனையும் வழங்காதிருப்பதும் ஒருவகைக் கைவிடலே.

வழங்கக்கூடியவை இல்லாமலில்லை. மாத்திரை பெறும் அதே இடத்தில், தண்டனை அச்சமின்றி, எவ்வளவு அருந்துகிறாள் என்று அவளைக் கேட்கலாம். முற்றாக நிறுத்த இயலாதவளுக்குக் குறைப்பதற்கு உதவலாம். குடிவேட்கையைத் தணிக்கும் நல்ரெக்சோன் போன்ற மருந்தை ஈரலின் நிலையறிந்து தரலாம். குடிநீக்க நிலையங்களில் பிள்ளைகளோடு வருபவளுக்கும் இடம் வேண்டும். தங்கிச் சிகிச்சை பெறப் பிள்ளைகளை எவரிடம் விட்டுச்செல்வது என்ற கேள்விக்கு விடையின்றியே பெண்கள் பலர் வாயிலோடு திரும்புகின்றனர். இவையனைத்துக்கும் முன்னதாக, செலவேதுமின்றி, நாளைக்கே செய்யக்கூடிய ஒன்றுண்டு: ‘குடித்திருந்தாலும் இன்றிரவு மாத்திரையை விழுங்கு’ என்ற வாசகத்தை அவள் மொழியில், அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லுதல்.