செலவைத் தொடாமல் வரியைக் குறைக்க முடியாது

இலங்கையில் வரிக்குறைப்பைப் பற்றி இன்று எவர் வாய் திறந்தாலும் 2019 டிசம்பர் நினைவூட்டப்படுகிறது. கோட்டாபய ராஜபக்ச அரசாங்கம் பெறுமதி சேர் வரியை 15 சதவீதத்திலிருந்து 8 ஆக இறக்கியது. தேச கட்டுமான வரி நீக்கப்பட்டது. சம்பளத்தில் மாதாமாதம் கழிக்கப்பட்டுவந்த வரியும் அடுத்த மாதமே இல்லாமற்போனது. மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ 12 சதவீதமாக இருந்த அரச வருமானம் இரண்டே ஆண்டுகளில் 9 சதவீதத்துக்கும் கீழே போய், 2022 ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று நாடு கைவிரித்தது. ஆகவே வரியைக் குறைப்பது நாட்டை வங்குரோத்தாக்கும் வேலை என்ற முடிவுக்குப் பலரும் வந்துவிட்டார்கள்.

அந்த முடிவை நாம் ஏற்கவில்லை. 2019இல் வரி குறைக்கப்படவில்லை, அறவிடும் முறை மட்டுமே மாற்றப்பட்டது என்பதே நமது நிலைப்பாடு. செலவில் ஒரு ரூபாய்கூட மிச்சம்பிடிக்க அன்றைய ஆட்சியாளர்கள் முன்வரவில்லை. வருமானத்தை வெட்டிய கையோடு, 2020இல் பல்லாயிரம் பட்டதாரிகளுக்கு அரச நியமனம் வழங்கினார்கள். குறைந்த கல்வித் தகைமை உள்ள ஒரு இலட்சம் பேரைச் சேர்க்கும் திட்டத்தையும் அறிவித்தார்கள். செலவு அப்படியே இருக்க வருமானம் மட்டும் விழுந்தால், இடைவெளியை யாரோ ஒருவர் நிரப்பித்தான் ஆகவேண்டும். திறைசேரி உண்டியல்களை மத்திய வங்கி வாங்கியது. அதற்கான பணம் அச்சடிக்கப்பட்டது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி பணவீக்கம் 69.8 சதவீதம். உணவுப் பொருள்களின் விலையோ 94.9 சதவீதம் ஏறியிருந்தது.

வவுனியாவில் கடைச் சிப்பந்தியாக இருப்பவருக்கும் நுவரெலியாவில் கொழுந்து பறிப்பவருக்கும் இதைவிடக் கொடிய வரி வேறென்ன இருக்க முடியும்? பாராளுமன்றத்தில் ஒருவரும் கை உயர்த்தி வாக்களிக்காத வரி அது. வங்கியில் இருந்த சேமிப்பும் அதற்குத் தப்பவில்லை. 2023இல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைக்கப்பட்டபோது வங்கிகளின் கையிலிருந்த திறைசேரி முறிகள் விட்டுவைக்கப்பட்டன. ஊழியர் சேமலாப நிதியமோ தன் முறிகளைக் குறைந்த வட்டிக்கு மாற்றிக்கொள்ள வேண்டும், மறுத்தால் அதன் வருமானத்தின் மீதான வரி 14இலிருந்து 30 சதவீதமாகும் என்று சொல்லப்பட்டது. நிதியம் பணிந்தது. முப்பது வருடம் தனியார் துறையில் உழைத்தவரின் முதுமைக்கால ரொக்கத்தில் கைவைத்தே அரசின் பழைய செலவுக்குக் கணக்குத் தீர்க்கப்பட்டது.

பெறுமதி சேர் வரி இப்போது 18 சதவீதம். 2024 ஜனவரியிலிருந்து எரிபொருள், சமையல் எரிவாயு, உரம் உட்பட 97 வகைப் பொருள்கள் விலக்குப் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டன. சர்வதேச நாணய நிதியத்துடனான உடன்பாட்டுக்கு வருமானம் தேவைப்பட்டது; அந்த அவசரத்தை நாம் மறுக்கவில்லை. வருமானப் பக்கத்தில் காட்டப்பட்ட கண்டிப்பில் பாதியாவது செலவுப் பக்கத்தில் காட்டப்பட்டதா என்பதே நமது கேள்வி.

ஸ்ரீலங்கன் விமான சேவையை எடுத்துக்கொள்வோம். 1998 முதல் 2008 வரை எமிரேட்ஸ் நிறுவனம் அதை நிர்வகித்தது. இலாபம் காட்டிய ஆண்டுகள் அந்தக் காலத்தில் இருந்தன. 2007 இறுதியில், லண்டனிலிருந்து திரும்பும் ஜனாதிபதியின் பரிவாரத்துக்காக, ஏற்கெனவே ஆசனம் பதிவுசெய்திருந்த பயணிகளை இறக்கிவிட நிர்வாகம் மறுத்தது. தலைமை நிறைவேற்று அதிகாரியின் வேலை விசா இரத்துச் செய்யப்பட்டது. சில மாதங்களில் எமிரேட்ஸ் விலகிக்கொண்டது. அதன் பின் பெரும்பாலான ஆண்டுகளில் நட்டமே. ஏ350 விமானங்களைக் குத்தகைக்கு எடுக்க ஒப்பந்தம் செய்துவிட்டு, பின்னர் அதை முறித்துக்கொள்ள மட்டும் ஏறத்தாழ 100 மில்லியன் டொலர் செலவானது. ஒரு விமானமும் வராமலே போன பணம் அது. நிறுவனம் வெளியிட்ட 175 மில்லியன் டொலர் முறிக்கு உத்தரவாதம் கொடுத்திருந்ததும் அரசுதான். இந்த விமானத்தில் வாழ்நாளில் ஒருமுறையும் ஏறப்போகாத மீனவரும் தோட்டத் தொழிலாளியும் பருப்பும் சீனியும் வாங்கும்போதெல்லாம் அதற்கு மொய் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். 2024இல் இந்நிறுவனத்தை வாங்க விருப்பம் தெரிவித்து விண்ணப்பங்கள் வந்தன. அந்த ஆண்டு செப்டெம்பரில் ஆட்சி மாறியதும் விற்பனை கைவிடப்பட்டது. அது தவறான முடிவு.

அரச சொத்தை விற்றால் ஏழை பாதிக்கப்படுவான் என்கிறார்கள். தொலைத்தொடர்பில் என்ன நடந்தது? வீட்டுக்கு ஒரு தொலைபேசி இணைப்புக் கேட்டு விண்ணப்பித்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த நாடு இது. சிபாரிசுக் கடிதத்தோடு பாராளுமன்ற உறுப்பினரின் வாசலில் நின்றவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். தனியார் கைத்தொலைபேசி நிறுவனங்கள் உள்ளே வந்தன. 1997இல் ஸ்ரீலங்கா டெலிகொம்மின் 35 சதவீதப் பங்கு ஜப்பானிய நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. போட்டி வந்த பின் காத்திருப்புப் பட்டியலே மறைந்துபோனது. இன்று மீன் விற்பவரின் சட்டைப் பையிலும் தொலைபேசி இருக்கிறது.

வடக்கு வாசகர்களுக்கு இன்னொன்றும் கண்ணெதிரே தெரியும். காங்கேசன்துறைக் கடற்கரையில் இராணுவம் தல்செவன என்ற விடுதியை நடத்துகிறது. வரிப்பணத்தில் சம்பளம் வாங்கும் படை, வரி கட்டும் விடுதிக்காரருக்கு எதிரே நின்று வியாபாரம் செய்கிறது. அப்போது இரண்டு இலட்சமளவில் இருந்த இராணுவத்தின் ஆளணியை 2030க்குள் ஒரு இலட்சமாகக் குறைப்பதாக 2023 ஜனவரியில் அரசாங்கமே அறிவித்தது. போர் முடிந்து இத்தனை காலத்துக்குப் பின் அந்த வாக்கை விரைவுபடுத்துவதற்குத் தடையாக எந்தப் பாதுகாப்புக் காரணமும் நமக்குத் தெரியவில்லை.

இறக்குமதி மீதான செஸ், துறைமுக, விமான நிலைய அபிவிருத்தி அறவீடு போன்றவை வேறொரு கதை. இவற்றில் பல, உள்ளூர் உற்பத்தியாளர் சிலரைப் போட்டியிலிருந்து காப்பதற்கே நிற்கின்றன. இறக்குமதி செய்யப்பட்ட சுகாதார அணையாடைக்கு 2018 வரை எல்லா வரியும் சேர்ந்து 101.2 சதவீதம்! மாதவிலக்கு நாள்களில் பாடசாலைக்குப் போகத் தயங்கிய பிள்ளைகளிடமிருந்து, அந்தப் பொருளின் விலைக்குச் சமமான தொகை பறிக்கப்பட்டது.

வறியவர்களைக் கைவிடச் சொல்லவில்லை. அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவு நேரே குடும்பத்தின் வங்கிக் கணக்குக்குப் போகிறது. தகுதியானவர்கள் விடுபடாமல் அது ஒழுங்காக நடக்கட்டும். நட்டத்தில் ஓடும் கூட்டுத்தாபனத்தின் வழியாக வறியவருக்கு உதவுகிறோம் என்பதைத்தான் ஏற்க முடியாது. அந்த வழியில் போகும் பணம் முதலில் பணிப்பாளர் சபையையும் ஒப்பந்தக்காரரையும்தான் சென்றடைகிறது.

2024இல் நிறைவேறிய அரச நிதி முகாமைத்துவச் சட்டம், வட்டி தவிர்ந்த செலவு மொத்த உள்நாட்டு உற்பத்தியின் 13 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்கிறது. அரசுக்குப் பணம் அச்சடித்துக் கொடுப்பதை 2023ஆம் ஆண்டின் மத்திய வங்கிச் சட்டம் தடுக்கிறது. இரண்டும் நல்ல வேலிகள். ஆனால் 2025 வரவு செலவுத் திட்டம் அரச ஊழியரின் ஆகக் குறைந்த அடிப்படைச் சம்பளத்தை 24,250 ரூபாவிலிருந்து 40,000 ஆக உயர்த்தியபோது, ஆளணியைக் குறைக்கும் கால அட்டவணை எதையும் அதனோடு இணைக்கவில்லை. திறமையான தாதிக்கும் ஆசிரியருக்கும் நல்ல சம்பளம் வேண்டும் என்பதில் நமக்கு மறுப்பில்லை. வேலையே இல்லாத கதிரைகளை வைத்துக்கொண்டு அதைக் கொடுக்க முடியாது.

அடுத்த வரவு செலவுத் திட்டத்தில் நிதியமைச்சர் செய்ய வேண்டியவை இவை. விமான சேவைக்கான கேள்விப்பத்திரத்தை மீண்டும் திறக்க வேண்டும். படைகள் நடத்தும் விடுதிகளையும் பண்ணைகளையும் மூடவோ விற்கவோ வேண்டும். செஸ் வரிகளை நீக்கும் திகதியை வர்த்தமானியில் அறிவிக்க வேண்டும். இவற்றால் மிஞ்சும் தொகையைத் தனியாகக் கணக்குக் காட்டி, அந்தத் தொகை அனுமதிக்கும் அளவுக்கு மட்டும், 18 சதவீதத்தைப் படிப்படியாகப் பழைய 15 சதவீதத்துக்கு இறக்க வேண்டும்.