வடிகாலில் இறங்குவோம் தோழர்களே!

டெல்டா விவசாயத் தோழர்களே, விவசாயத் தொழிலாளர் தோழர்களே!

ஐப்பசி அடைமழை வாசலுக்கு வந்துவிட்டது. சம்பாவுக்கு மேலுரம் போடும் நேரமும் இதுதான். இன்று யூரியா வீசி, இரவில் மழை கொட்டி, விடிந்ததும் மடையைத் திறந்துவிட்டால் என்ன நடக்கும்? கடன் வாங்கிப் போட்ட உரம் வடிகாலில் இறங்கி, முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்கும் கடலுக்கும் போய்ச் சேரும். 45 கிலோ யூரியா மூட்டையில் தழைச்சத்து ஏறக்குறைய 21 கிலோ. போட்ட முதல் சில நாட்களில்தான் அது வயல் தண்ணீரில் மிகுதியாகக் கரைந்து நிற்கிறது. அந்த நாட்களில் மடை திறப்பது நம் பணத்தை நாமே ஆற்றில் விடுவது.

வடிகால் வெறும் சாக்கடை அல்ல. கரையோரக் கோரையின் அடியில் கைவிட்டுச் சேற்றை அள்ளிப் பாருங்கள். மேலே மெல்லிய பழுப்பு, அதன் கீழே கன்னங்கரேல். அந்த இரண்டும் சந்திக்கும் இடத்தில் கோடானுகோடி நுண்ணுயிரிகள் உழைக்கின்றன. பிராணவாயு இல்லாத சேற்றில் அவை, உரத்தின் தழைச்சத்திலிருந்து உருவாகும் நைட்ரேட்டைக் கொண்டே சுவாசிக்கின்றன. அதை நைட்ரஜன் வாயுவாக்கிக் காற்றில் விட்டுவிடுகின்றன. தண்ணீர் அந்த அளவுக்குத் தூய்மையாகிறது. இதற்கு அவை கேட்பது இரண்டே: மட்கும் வேரும் சருகும், மெதுவாக நகரும் தண்ணீர். கரையை மொட்டையாக வழித்து, களைக்கொல்லி அடித்துக் கருக்கினால் இரண்டையும் பறிக்கிறோம்.

ஆனால் முழுப் பாரத்தையும் அவற்றின் தலையில் ஏற்ற முடியாது. வேலை அரைகுறையாக நின்றால் நைட்ரஸ் ஆக்சைடு கிளம்பும். அது பூமியைச் சூடேற்றும் வாயு. மணிச்சத்தோ ஆவியாகிப் போவதே இல்லை. வண்டலில் ஒட்டிக்கொண்டு கிடக்கும். ஆகவே போராட்டம் வயலிலேயே தொடங்க வேண்டும்.

வயலில்: மழை மேகம் திரண்டிருந்தால் உரமூட்டையைப் பிரிக்காதீர்கள். இலை வண்ண அட்டையை வைத்துப் பார்த்து, பயிர் கேட்கும்போது மட்டும் பிரித்துப் போடுங்கள். போடுவதற்கு முன்பே வரப்பின் நண்டு வளை, எலி வளைகளை அடைத்துவிடுங்கள். போட்ட பின் சில நாட்கள் மடையைத் திறக்காதீர்கள்.

வடிகாலில்: ஆகாயத்தாமரையையும் காட்டாமணக்கையும் வேரோடு பிடுங்குங்கள். நடு ஓட்டம் தடையின்றிப் போகட்டும். கரைச் சரிவில் உள்ள கோரையையும் அருகையும் விட்டுவையுங்கள். "புல்லை விட்டால் வெள்ளம் வடியாதே" என்று கேட்கும் தோழர்களுக்குச் சொல்கிறோம்: பெரிய வடிகாலை மறிக்கச் சொல்லவில்லை. வயலோரச் சிறு வாய்க்கால்களில், மழையில்லாக் காலத்தில் மட்டும், தண்ணீரை மெதுவாக்கத் தாழ்வான மணல்மூட்டைப் படி போதும். ஐப்பசிக்கு முன் அதை எடுத்துவிட வேண்டும். அமெரிக்காவின் மிசிசிப்பி வயல் வடிகால்களிலும் இப்படித் தாழ்ந்த தடுப்புகள் வைத்துச் சோதித்திருக்கிறார்கள்.

கரையில்: தூர்வாரிய வண்டலைக் கரையிலேயே குவித்தால் அடுத்த மழையில் அத்தனையும் திரும்ப உள்ளே சரியும். அதில் இருப்பது நம் மணிச்சத்து. வண்டலை வயலுக்கு ஏற்றுங்கள், ஆகாயத்தாமரையை மட்க வையுங்கள்.

நீர்வளத்துறையிடம் நம் கோரிக்கை தெளிவானது. மேட்டூர் தண்ணீர் கடைமடைக்கு வருவதற்கு முன்பே, வாய்க்காலோடு வடிகாலையும் தூர்வார வேண்டும். களைக்கொல்லி கூடாது. கரைப்புல்லை வழித்தெடுக்கக் கூடாது. அள்ளிய வண்டல் சிறு, குத்தகை விவசாயிகளுக்கு இலவசமாகக் கிடைக்க வேண்டும்.

பண்ணையாரின் சவுக்கடிக்கும், தண்டனையாகப் புகட்டிய சாணிப்பாலுக்கும் கூட்டாக நின்று முடிவு கட்டிய மண் இது. ஒரு வயல்காரர் மட்டும் மடையை அடைத்துப் பயனில்லை. வடிகால் ஊருக்கே பொது. வரும் ஞாயிறு காலை 6 மணிக்கு நம் சங்கத்தின் ஒவ்வொரு கிளையும் மண்வெட்டி, அரிவாளோடு தன் ஊர் வடிகாலில் இறங்க வேண்டும். பெண் தோழர்களும் இளைஞர்களும் முன்னணியில் நில்லுங்கள். மழை நமக்காகக் காத்திருக்காது. திரண்டு வாருங்கள்!