சேலையைப் புரட்டிப் பார்ப்பவர்கள்

காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் பட்டெடுக்க வரும் விவரமறிந்த பெண்கள், கடைக்காரர் விரித்துப் போட்ட முந்தானையின் ஜொலிப்பில் மயங்கிவிடாமல், சேலையைப் புரட்டி, கரையும் உடலும் கோர்வையில் சேருமிடத்தை விரலால் தடவிப் பார்த்த பிறகே விலை பேசத் தொடங்குகிறார்கள். அதற்காக எந்த வியாபாரியும் அவர்களைத் துரோகி என்று ஏசுவதில்லை. அரசாங்கம் எழுதித் தரும் சரித்திரத்தை அவ்விதமே புரட்டிப் பார்க்கும் பிரஜைக்கு மட்டும் அந்தப் பட்டம் சுலபமாகக் கிடைத்துவிடுகிறது.

ஆள்வோர் எழுதும் சரித்திரம் இவ்வூருக்குப் புதிதன்று. எட்டாம் நூற்றாண்டில், பன்னிரண்டு வயதுச் சிறுவனான நந்திவர்மனை மாத்திரர், கடிகையார், மூலப்பிரகிருதிகள் எனப்பட்ட குழுவினர் கூடி மனமொப்பிப் பல்லவ அரசனாக்கினர் என்று வைகுந்தப்பெருமாள் கோயில் சுற்றாலைச் சிற்பங்களும் அவற்றோடு வெட்டியுள்ள வாசகங்களும் கூறுகின்றன. கூறுவது யார்? அந்தக் கோயிலை எடுப்பித்தவனே நந்திவர்மன்தான். அவன் காலத்து உதயேந்திரம் செப்பேடுகளோ, சேனாபதி உதயசந்திரனின் வீரத்தைப் புகழப் புகுந்த இடத்தில், நந்திபுரத்தில் முற்றுகைக்குள்ளாகியிருந்த அரசனை மீட்பதற்காக அவன் சித்திரமாயன் என்னும் பல்லவனைக் கொன்றான் என்ற செய்தியையும் சொல்லிவிடுகின்றன. எல்லோரும் மனமொப்பி ஏற்ற அரசனுக்கு எதிராகப் பல்லவன் ஒருவனே ஏன் நின்றான் என்பதைச் சித்திரமாயன் வாயிலாகக் கேட்க நமக்கு வழியில்லை. கொல்லப்பட்டவன் கோயில் கட்டவில்லை.

கைலாசநாதர் கோயிலிலோ வேறொரு விசேஷம். அதை எடுப்பித்த பல்லவன் ராஜசிம்மனின் விருதுப் பெயர்கள் இருநூறுக்கு மேல் வெட்டப்பட்டுள்ள அதே கோயிலில், காஞ்சியை வென்ற சாளுக்கியன் இரண்டாம் விக்கிரமாதித்தன், இறைவன் பொருளைக் கவராமல் இறைவனுக்கே திருப்பித் தந்ததாகக் கன்னடத்தில் பொறித்துவைத்த சாசனமும் ஒரு தூணில் இன்றளவும் இருக்கிறது. வென்றவனின் தற்புகழ்ச்சிதான் அது. எனினும் பின்வந்தோர் அதைச் செதுக்கி எறியாததால் பகைவனின் தரப்பும் நமக்குக் கிடைத்திருக்கிறது. 2023-இல் பன்னிரண்டாம் வகுப்புச் சரித்திரப் புத்தகத்திலிருந்து மொகலாய அரசவை பற்றிய அத்தியாயத்தையே நீக்கிவிட்ட நம் காலத்துக் கல்விமான்கள் அந்தத் தூணை ஒருமுறை வந்து பார்க்கலாம்.

இனி, மேடைதோறும் முழங்கும் உத்திரமேரூர்க் கல்வெட்டுகள். 2020-இல் புதிய பாராளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டிய பிரதமரும் அவற்றை எடுத்துச் சொன்னார். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921-ஆம் ஆண்டுகளில் வெட்டப்பட்ட அக்கல்வெட்டுகளுக்கு ஜனநாயகம் என்று பெயர் சூட்டிப் பூரிப்பவர்கள், ஊர்ச்சபையின் வாரியங்களுக்கு, அதாவது குழுக்களுக்கு, ஆளெடுக்கும் குடவோலையில் பெயர் ஏற இறை செலுத்தும் கால்வேலி நிலமும் சொந்த மனையில் வீடும் வேதப் பயிற்சியும் வேண்டும் என்ற வரிகளை உரக்க வாசிப்பதில்லை. உழுதவனுக்கும் நெய்தவனுக்கும் எந்தப் பெண்ணுக்கும் அந்த அந்தணர் சபையில் இடமிருக்கவில்லை. அவர்கள் வாசிக்காமல் விடும் வேறு சில வரிகளும் உண்டு. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் மீண்டும் குடவோலைக்கு உரியவரல்லர். கடந்த மூன்றாண்டுக்குள் வாரியம் செய்தவனும் ஆகான். குடத்திலிருந்து ஓலையை எடுப்பவன் உள்வேறுபாடறியாத சிறுவன். பதவி எவனையும் கெடுக்கக்கூடும் என்ற சந்தேகத்தை, அந்நியர்மீதன்றித் தம்மவர்மீதே வைத்து, அதை ஒளிக்காமல் கோயிற் சுவரிலே வெட்டிவைத்த நிதானம், அச்சபையின் குறைகளையெல்லாம் கடந்து நான் வணங்கும் குணமாகும்.

இன்று அந்தச் சந்தேகத்துக்கு என்ன மரியாதை கிடைக்கிறது? டில்லி அரசாங்கத்தைக் கேள்வி கேட்டவன் தேசவிரோதி. சென்னை அரசாங்கத்தைக் கேட்டவன் இனத்துரோகி. இரண்டையும் கேட்டவனுக்கு எந்தக் கட்சியிலும் ஒதுங்க நிழலில்லை. கேட்ட கேள்வி எதுவென்று யாரும் பார்ப்பதில்லை. கேட்டவன் நெற்றியில் ஒரு பெயரை ஒட்டிவிட்டால் பதில் சொல்லும் சிரமம் தீர்ந்துவிடுகிறது. ராஜசிம்மன் தன் விருதுப் பெயர்களைத் தன்னோடு நிறுத்திக்கொண்டான். நம் ஆட்சியாளர்கள் குடிகளுக்கும் சூட்டத் தொடங்கிவிட்டார்கள்.

உத்திரமேரூரைப் புகழ்ந்து வாக்குக் கேட்க வருபவர் அடுத்த முறை வாசலில் வந்து நின்றால், வாசகர்கள் அவருடைய கட்சியின் பெயரைக் கேட்க வேண்டாம். சென்ற ஐந்தாண்டின் கணக்கைக் கேளுங்கள்.