டைல்ஸ் ஒட்ட ஓவியப் பரிசு எதுக்கு?

நண்பர்களே, நம்ம மதில் சுவரில் டைல்ஸ் துண்டுகளால் மொசைக் படம் செய்யப் போகிறோம். புதுவையின் சின்னங்களான குயில், அணில், நாகலிங்கப்பூ மூன்றும் வரும். நல்ல சேதிதான். ஆனால் தொண்டர் பட்டியலைப் பார்த்தீங்களா? ஓவியப் போட்டியில் பரிசு வாங்கிய 12 பேர் மட்டும்! இது சரியில்லை என்பது என் கருத்து. (நான் வரைஞ்ச அணில் எலி மாதிரி இருந்தது உண்மைதான். அதுக்காகச் சொல்லலை.)

மொசைக்கில் கோடு போட ஒருத்தர் போதும். மிச்சமெல்லாம் கைவேலை. உடைஞ்ச டைல்ஸ் சேர்க்கணும், சாக்கில் சுற்றிச் சுத்தியலால் தட்டணும், நிறம் பிரிக்கணும், சின்னச் சந்து விட்டு ஒட்டணும். பசை காய்ஞ்ச பிறகு சந்தில் சிமெண்ட் அடைச்சு, இறுகும் முன்னே ஈரத்துணியால் துடைக்கணும். 12 பேர் செய்தால் முழுப் பரீட்சையே வந்துடும்!

சண்டிகரில் நேக் சந்த் என்ற சாலை ஆய்வாளர் உடைஞ்ச வளையல், கோப்பைகளைப் பொறுக்கி, யாருக்கும் தெரியாமல் பல வருஷம் பறவை, மிருகம் என்று ஒரு தோட்டமே செய்தார். 1976-ல் அதை மக்களுக்குத் திறந்தார்கள். அவர் ஓவியம் படித்தவர் இல்லை.

ஆறாம் வகுப்புப் பசங்க இப்பவே கலர் பிரிச்சு வச்சிருக்காங்க. கண்ணாடித் துண்டை மட்டும் பெரியவங்க கையுறை போட்டு எடுக்கட்டும்.

ஆண் குயிலுக்குக் கண் சிவப்பு. எங்க வீட்டில் உடைஞ்ச சிவப்புக் கோப்பை ஒண்ணு இருக்கு. நாளைக்குக் கொண்டு வரேன், பட்டியலில் பேர் இல்லாட்டியும்.

– 9-ஆம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி