கடவுள் சித்தமும் நமது கைகளும்



1990 யூனில் போர் மீண்டும் மூண்டபோது அம்பாறை மாவட்டத்தில் தமிழரும் முஸ்லிம்களும் ஊர்விட்டு ஓடினோம். 2004 டிசெம்பர் 26இல் கடல் பொங்கிக் கல்முனைக் கரையை அழித்தது. இரண்டுக்கும் நாம் சொன்ன ஆறுதல் ஒன்றே: "எல்லாம் ஆண்டவர் சித்தம்." இந்து அயலவர்கள் 'விதி' என்றார்கள், முஸ்லிம் அயலவர்கள் 'கத்ர்' என்றார்கள்.

ஆனால் இரண்டும் ஒன்றா? கடலடியில் நிலம் அதிர்ந்ததை எந்த மனிதனும் தீர்மானிக்கவில்லை. வீட்டுக்குத் தீ வைத்தது மனிதக் கை. அதையும் கடவுள்மேல் சுமத்தினால், செய்தவன் தப்பிவிடுகிறான், கடவுள் குற்றவாளியாகிறார்.

யோசேப்பும் இடம்பெயர்ந்தவரே. சகோதரர்கள் பொறாமையால் அவரை விற்றார்கள். அந்தத் தீமையைக் கடவுள் பலரின் உயிர் காக்கும் நன்மையாக்கினார் என்று அவரே பின்னர் சொன்னார். ஆயினும் சகோதரர்கள் செய்தது தீமையல்ல என்று அவர் சொல்லவில்லை. ஏழு வருடப் பஞ்சம் வருமென்று கடவுள் காட்டியபோது கை கட்டி இருக்கவுமில்லை. விளைந்த காலத்திலேயே ஐந்தில் ஒரு பங்கு தானியத்தைச் சேமிக்கச் சொன்னார்.

திருச்சபையில் இது பழைய வழக்கு. 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் நண்பர்களான ஜோன் வெஸ்லியும் ஜோர்ஜ் வைற்பீல்டும் இதில் முரண்பட்டார்கள். மீட்படைவோரைக் கடவுள் முன்பே தெரிந்துகொண்டார் என்றார் வைற்பீல்ட். கிருபை எல்லோரையும் தேடி முந்தி வருகிறது, அதை ஏற்கவோ மறுக்கவோ மனிதனால் முடியும் என்றார் வெஸ்லி. 1814இல் மட்டக்களப்புக்கு வந்த மிஷனரி வில்லியம் ஓல்ட் வெஸ்லியின் வழிவந்தவர். அறிஞர்கள் தீர்க்காததைத் தீர்க்க நான் வரவில்லை. வயல் செய்பவர் அறிந்ததையே சொல்கிறேன்.

மழை நம் கையில் இல்லை. நெல்மணிக்குள் இருக்கும் உயிரும் நம் கையில் இல்லை. ஆனால் விதைக்காத வயலில் எந்த மழையும் கதிரைத் தராது. மாரி வெள்ளம் நாவிதன்வெளிக்குப் போகும் கிட்டங்கித் தாம்போதிக்கு மேலால் பாய்வது வானத்தின் செயல். தாம்போதியை எவ்வளவு உயரத்தில் கட்டுவது என்பது மனிதரின் முடிவு.

ஆகவே, காணிப் பத்திரம் தொலைந்த குடும்பம் பிரதேச செயலகத்தின் படியேறுவது அவிசுவாசமல்ல. மதம் பாராமல் அயலவரோடு சேர்ந்து வாய்க்கால் துப்புரவாக்குவதும் செபமே. மன்னிப்பதும் இப்படித்தான்: அதற்கான பலத்தைக் கடவுள் தருகிறார். முதலில் போய்ப் பேசவேண்டியவர் நாம். இந்தப் போகத்தில் நம் கையில் விடப்பட்டிருப்பது எது என்று ஒவ்வொரு வீட்டிலும் பேசிப்பார்ப்போம்.