ஓடினா மார்க் ஏறுமா?

சைக்காலஜி ஃபைனல் இயர் பசங்களே... 'உடற்பயிற்சியும் மாணவர் மதிப்பெண்ணும்' - ப்ராஜெக்ட்டுக்கு செம டாபிக்தான். ஆனா, கைடு தலையாட்டின அடுத்த நிமிஷமே கேள்வித்தாளை ஜெராக்ஸ் எடுத்து ஹாஸ்டல் முழுக்க விநியோகம் பண்ணக் கிளம்பிடாதீங்க. என்ன தெரிஞ்சுக்கணும் என்பதைப் பொறுத்துத்தான் ஆய்வு முறை!

சர்வே: 'வாரத்துக்கு எத்தனை நாள் பயிற்சி? போன செமஸ்டர் எத்தனை சதவிகிதம்?' ஈஸி, செலவும் கம்மி. இரண்டுக்கும் தொடர்பு இருக்கான்னு தெரியும். அதோட சரி. காலையில் ஓடுறவர் ராத்திரி நல்லா தூங்குறவரா இருக்கலாம். பார்ட் டைம் வேலைக்குப் போகவேண்டிய கஷ்டம் அவருக்கு இல்லாம இருக்கலாம். ஏன், அரியர் டென்ஷன் இல்லாததாலேயே கிரவுண்டுக்கு வர நேரம் கிடைச்சிருக்கலாம். 'பயிற்சியால்தான் மார்க்' என்று எழுதினால், வைவாவில் எக்ஸ்டர்னல் ஒரே கேள்வியில் காலி பண்ணிடுவார்.

பரிசோதனை: காரணத்தைச் சொல்லணும்னா இதுதான் வழி. அமெரிக்காவின் ஜார்ஜியாவில் கேத்தரின் டேவிஸ் குழுவினர் செய்து 2011-ல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்க. 7 முதல் 11 வயது வரை, எடை அதிகமுள்ள 171 குழந்தைகள். குலுக்கல் முறையில் மூணு குரூப். ஒன்றுக்கு தினமும் 20 நிமிஷப் பயிற்சி, இன்னொன்றுக்கு 40 நிமிஷம், மூன்றாவதுக்குப் பயிற்சியே இல்லை. சுமார் மூன்று மாதத்தில், பயிற்சி கூடக் கூட திட்டமிடும் திறனும் கணக்கும் முன்னேறின. வாசிப்பில் மாற்றமில்லை.

இங்கே ஹீரோ குலுக்கல்தான். நல்லா தூங்குறவங்க, வசதியானவங்க எல்லாரும் மூணு குரூப்பிலும் கலந்துடுவாங்க. மிஞ்சுற பெரிய வித்தியாசம் பயிற்சி மட்டுமே. அதுக்காக அந்த முடிவை அப்படியே காலேஜ் பசங்களுக்குத் தூக்கி வெச்சிடக் கூடாது. வயசு வேற, எடை வேற.

நீங்க செய்றதா இருந்தா, சில விஷயங்கள். செமஸ்டர் மார்க்கை ஆயிரம் விஷயம் ஆட்டிவைக்கும். அதனால கவனத்தை அளக்க, 1935-லிருந்து புழக்கத்தில் இருக்கும் ஸ்ட்ரூப் டெஸ்ட்டை முன்னும் பின்னும் வைக்கலாம். 'நம்மளை கவனிக்கிறாங்க' என்ற நினைப்பே சிலரை உஷாராக்கும். அதனால பயிற்சி இல்லாத குரூப்புக்கும் அதே நேரத்தில் கேரம், செஸ் என்று ஏதாவது கொடுங்க. சம்மதம் வாங்கணும். ஆஸ்துமா, இதயப் பிரச்னை இருக்கான்னு முதலிலேயே கேட்டுடணும். ஜூனியர்களை மிரட்டிச் சேர்க்கக் கூடாது.

பேட்டி: பத்து நாள் ஓடிட்டு ஏன் நிறுத்துறாங்க? இதுக்கு எண்களில் பதில் கிடைக்காது. உட்கார்ந்து பேசினாத்தான் கிடைக்கும்.

நேரமில்லை, சர்வேதான் முடியுமா? தப்பே இல்லை. தலைப்பில் 'விளைவு' என்பதை அடிச்சுட்டு 'தொடர்பு' என்று எழுதுங்க. அந்த ஒரு வார்த்தையில்தான் உங்க ஆய்வோட நேர்மையே இருக்கு!